இடது கதவுக்கு மூன்று படி

ஓடிப்போனாளாம்! ஓடுகிறவள் பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டா ஓடுவாள்? காலை பத்து மணி. நல்ல வெயில். வாசல் கதவு இரண்டும் விரியத் திறந்து கிடக்கிறது. இரண்டு பெட்டி, ஒரு தலையணை, அந்தக் குக்கர் என்று நாலு நடை நடந்து வண்டியில் ஏற்றினாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் பால்கனிக்காரி முதல் நடையிலிருந்து கடைசி நடை வரைக்கும் நின்று பார்த்தாள். ஒரே சட்டையை மூன்று தடவை உதறினாள். பார்த்தவளே போய் ஓடிப்போனாள் என்று சொன்னால் நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

மெக்கானிக்கோடு தொடர்பு என்கிறார்கள். வயசான மாமியாரைத் தனியாக விட்டுவிட்டாள் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று சொல்கிறார்கள்: அவ்வளவு உயரமான வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டிய நாளில் தண்ணீரைக் கண்டு பயந்து திரும்பி, புருஷனைச் சாகக் கொடுத்தாளாம். செத்தவன் என் மகன். அவனைப் பெற்றவள் நான் சொல்கிறேன், என் மருமகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுங்கள். எனக்காக எதையும் மெருகேற்ற வேண்டாம்.

அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில், கற்றுக்கொடுப்பவர் உட்காருகிற பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பதினான்கு வருஷம் அந்த இருக்கையில் உட்கார்ந்து அவள் வலது கால் அவள் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. பஸ்ஸில் போனாலும் வளைவு வந்தால் தரையை மிதிப்பாள். அடுப்பிலிருந்து நான் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கப் போனால், சமையலறை வாசலில் நிற்கிறவளின் கால் தரையை அழுத்தும். அவளிடம் கற்றவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. என் மகனும் அப்படித்தான் கூப்பிடுவான். கொஞ்சம் மரியாதை வந்துவிட்டால் டீச்சரம்மா.

அவன் ஆலையில் எலக்ட்ரீஷியன். நாற்பத்தொரு வயசில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தைக் கழுவி எடுக்கிற மிஷினில் போய்ப் படுக்கவேண்டும். அதற்காக இடது முழங்கைக்குக் கீழே நரம்பை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் மின்விசிறியைத் தொட்ட மாதிரி உள்ளே புறுபுறு என்று ஓடிக்கொண்டிருக்கும். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். காலையில் கையை என் முன்னால் நீட்டுவான்.

"லைன்ல கரண்ட் இருக்கா பாரும்மா."

"இருக்குடா."

"அப்ப இன்னைக்கு பொழப்பு ஓடும்."

ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு தரைப்பாலம். வெயில் காலத்தில் இருபது நிமிஷத்தில் போய்விடலாம். மழைக் காலத்தில் ஆறு பாலத்தின் மேலேயே ஏறி ஓடும். பெரிய பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டரை மணி நேரம். அதுவும் ரோடு நன்றாக இருந்தால்.

முதல் மழையில் அவர்களுடைய சின்னக் கார் தரைப்பாலத்து நடுவில் நின்றுவிட்டது. முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் அந்தக் காருக்கு மூக்கு கீழே இருந்திருக்கிறது, இஞ்சின் தண்ணீரைக் குடித்துவிட்டது. தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்தார்களே தவிர அன்றைய மிஷின் முறை தவறிப்போனது. அடுத்த இரண்டு நாள் என் மகன் படுக்க முடியாமல், தலையணையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். நுரையீரலில் நீர். ஒரு வாக்கியம் பேச நாலு மூச்சு. அந்தத் தடவை தப்பித்தது அவன் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் என்னிடம் கேட்டாள். "அத்தை, அந்தப் பக்கமே ஒரு வாடகை வீடு பாத்துடலாமா? மழை போற வரைக்குமாவது."

"நீங்க போங்க. நான் இந்த வீட்ட விட்டு வர மாட்டேன்."

"நீங்க இல்லாம அவர் வருவாரா?"

"அதுக்கு நான் என்ன பண்ண? இது நான் நின்னு கட்டின வீடு."

அவன் வரவில்லை. அம்மாவைத் தனியாக விடமாட்டேன் என்றான். நான் மசியவில்லை. இதைச் சொல்லாமல் மேலே போனால் கதை நேர்மையாக இருக்காது. வீட்டை நகர்த்த முடியவில்லை, அதனால் அவள் வண்டியை உயர்த்தினாள்.

செங்கல் சூளை ஒன்றில் கிடந்தது அந்த ஜீப். இருபத்தேழு வருஷத்து வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். நிறம் என்னவென்று அதற்கே மறந்துபோயிருந்தது. நானும் கூடப் போனேன். சூளைக்காரர் பெருமையாகப் பேசிக்கொண்டே இருந்தார். இவள் காதில் வாங்காமல் கைப்பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, வண்டிக்கு அடியில் படுத்து, இரும்புச் சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டினாள். நல்ல இரும்பு டங் என்றது. துருப்பிடித்த ஓரிடத்தில் டொப் என்றது. அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

"வண்டிய வாங்க வந்தியாம்மா, வைத்தியம் பாக்க வந்தியா?"

"ரெண்டும்தான் அண்ணே."

"இவ்ளோ பழசு எதுக்கும்மா? டெய்லி ஓட்டணும்னா புதுசா வாங்கலாமே?"

"புதுசுல எல்லாத்துக்கும் மூளை இருக்கு அண்ணே. நனைஞ்சா நின்னுடும். இதுல மூளையே இல்ல, நனையவும் ஒண்ணும் இல்ல."

"எங்க வீட்டுக்காரம்மா என்னைப் பத்தி இப்படித்தான் சொல்லுவா" என்றார் சூளைக்காரர். அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

எத்தனை உயர்த்துவது? அதைத்தான் அவள் ஊரில் யாரும் செய்யாத மாதிரி செய்தாள். தரைப்பாலத்து ஓரத்தில் வரிசையாகக் கல்தூண்கள் உண்டு. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்திருக்கும். தண்ணீர் வற்றியிருந்த ஒரு நாள் போய், பாலத்துத் தரையிலிருந்து ஒரு சிவப்பு நூலைத் தூணோடு ஒட்டிப் பிடித்து, கறுப்பு முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு, வெள்ளை முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு, இரண்டாவது கறுப்பு முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு போட்டாள். அந்த நூலை மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோய் ஜீப்பின் பக்கத்தில் தொங்கவிட்டாள். கடைசி முடிச்சுக்கு மேலேதான் இஞ்சின் மூச்சு விடணும், கடைசி முடிச்சுக்கு மேலேதான் நனையக்கூடாததெல்லாம் இருக்கணும்.

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். "தங்கச்சி, வண்டிய ஒசத்த வந்தியா, சட்டை தைக்க வந்தியா?"

"தையல் பிரிஞ்சா உங்ககிட்டதான் கொண்டுவருவேன் அண்ணே."

மூன்று வாரம் ஆனது. ஸ்பிரிங் பட்டையில் கூடுதலாக ஒன்று வைத்தார்கள். சக்கரம் பெரிசானது. பிரேக் குழாயெல்லாம் நீளம் போதாமல் மாற்றினார்கள். இஞ்சினுக்குக் காற்றுப் போகிற வழியை ஒரு குழாய் வைத்து முன் கண்ணாடி ஓரமாகக் கூரை வரைக்கும் ஏற்றினார்கள். உயர்த்தியதில் அடியில் சுழல்கிற தண்டு கோணி, வண்டி ஓடும்போது பல் ஆடுகிற மாதிரி ஒரு அதிர்வு வந்தது. அதைச் சரிபண்ண ஒரு வாரம். டிரைவிங் ஸ்கூல் முடிந்ததும் நேரே அங்கேதான் போவாள். வண்டிக்கு அடியில் இரண்டு ஜோடிக் கால் தெரிந்ததாம், அதுதான் தெருவில் ஓடுகிற கதைக்கு ஆதாரம். அங்கே மூன்றாவதாக ஒரு ஜோடிக் கால் இருந்தது. மெக்கானிக் பெண்டாட்டி குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலை யாரும் எண்ணவில்லை.

வண்டியைக் கொடுக்கும்போது மெக்கானிக் ஒன்று சொன்னார். நானும் கேட்டேன். "தங்கச்சி, ஒசத்துனது தண்ணி உள்ள வராம இருக்கத்தான். தண்ணி பக்கவாட்டுல தள்ளுச்சுன்னா இந்த ஒசரம் உனக்கு எதிரி. கடைசி முடிச்சு மூழ்குனா ஆத்துல எறங்காத. எந்த அவசரமா இருந்தாலும்."

வீட்டுக்கு வந்து நிறுத்தினாள். வாசல் தகரக் கூரைக்குள் நுழையவில்லை, தெருவிலேயே நின்றது. என் மகன் வெளியே வந்தான். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்த காலம். இடது கதவைத் திறந்தான். இருக்கை அவன் நெஞ்சு உயரத்தில் இருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தான். முழங்கால் மடங்கவில்லை. ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு காலைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"மாடி வீடு கட்டிட்டு படி வைக்க மறந்துட்டியே டீச்சரம்மா."

அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். தூணை அளந்தாள், தண்ணீரை அளந்தாள், குழாயை அளந்தாள், ஏறுகிறவன் காலை அளக்கவில்லை. யாருக்காக இவ்வளவும் செய்தாளோ அவனே ஏற முடியாத உயரத்துக்கு வண்டியைக் கட்டி வைத்திருந்தாள். தெருவில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். "எறக்கிடுறேங்க. நாளைக்கே கொண்டுபோய் எறக்கிடுறேன்."

"எறக்கினா ஆறு ஏறிடும். ஒசரம் அப்படியே இருக்கட்டும். ஏறுறது என் பாடு."

ஆலையிலிருந்து மின்கம்பி சுற்றி வருகிற பெரிய மர உருளை ஒன்று வீட்டுப் பின்பக்கம் கிடந்தது. அதைப் பிரித்து, உட்கார்ந்தபடியே இரண்டு நாள் அறுத்து, இழைத்து, இரண்டு படி செய்தான். ஒன்று உயரம், ஒன்று குட்டை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏறலாம். ஏறுவதற்குப் பிடிக்க முன் கண்ணாடி ஓரமாக ஒரு பிடி இருந்தது, ஆனால் அது இடது கைக்குத்தான் எட்டும். ஊசி போடுகிற கை. அதில் பாரம் தாங்கக்கூடாது. மறுபடி ஷெட்டுக்குப் போய் இருக்கைக்குப் பின்னால் வலது கைக்கு ஒரு பிடி பற்றவைத்தார்கள். அதற்குப் பிறகு தினமும் அவன் பேச்சு மாடிதான். "மாடிக்குப் போலாமா?" "மாடியில காத்து நல்லா வருது." ஆறு மாசத்தில் கால் இன்னும் தளர்ந்தது. மூன்றாவதாக ஒரு குட்டிப் படி செய்தான். அதற்கு ஆணி அடிக்கும்போது மட்டும் அவன் எதுவும் பேசவில்லை.

அவள் வேலைக்கும் அந்த வண்டியில்தான் போனாள். சின்னக் காரை விற்றாகிவிட்டதே. ஸ்டியரிங் பாறை மாதிரி. சாயங்காலம் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் சமைப்பாள். கடைத்தெருவில் நிறுத்த இடம் கிடைக்காது. விடியற்காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் விளக்கு வெளிச்சம் ரோட்டில் விழாமல் நேரே எதிர்வீட்டு மாடி ஜன்னலில் விழுந்தது. பால்கனிக்காரிக்கு இவள் மேல் கோபம் தொடங்கியதே அங்கேதான்.

"எங்க படுக்கையறை சுவத்துல படம் ஓட்டுறியா? ஒட்டகத்த வாங்கி வச்சுக்கிட்டு தெருவையே தூங்க விடமாட்டேங்கறியே!"

"மன்னிச்சுக்கங்க அக்கா, ஒசத்தும்போது லைட்டும் மேல பாத்துடுச்சு. இன்னைக்கே குனிய வச்சுடுறேன்."

அன்றைக்கே குனிய வைத்தாள். ஆனாலும் ஒட்டகம் என்ற பெயர் நின்றுவிட்டது.

அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் சாப்பிட்டு முடித்து மூவரும் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சிவப்பு நூலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். டிரைவிங் ஸ்கூலில் பேசுகிற குரலில் சொன்னாள்: "கடைசி முடிச்சு வரைக்கும் தண்ணி இருந்தா போவேன். அதுக்கு மேல ஒரு விரல் ஏறினாலும் திரும்பிடுவேன். பெரிய பாலத்தச் சுத்தித்தான் போவேன். யார் சொன்னாலும் கேக்க மாட்டேன். இப்பவே சொல்லிடுறேன், அப்ப கெஞ்சக்கூடாது."

"கெஞ்ச மாட்டேன்" என்றான் அவன்.

"அத்தை?"

"சரி" என்றேன் நான்.

நூலை வண்டிக்குள் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டாள். எனக்கு எழுத்துத் தெரியாது. கறுப்பு வெள்ளை தெரியும். அந்தக் கணக்கு எனக்கும் மனப்பாடம்.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு முறைகூடத் தவறவில்லை. ஒரு நாள் நான் கரையில் நின்று பார்த்தேன். முதல் கறுப்பு மூழ்கி, வெள்ளை மூழ்கி, இரண்டாவது கறுப்பின் கால் நனைந்திருந்தது. மற்ற வண்டியெல்லாம் கரையில் நிற்க இவர்கள் வண்டி மட்டும் இறங்கியது. முதல் கியரில் ஒரே சீராக, நின்றுவிடாமல், அவசரப்படாமல். சக்கரத்துக்கு முன்னால் ஒரு சின்ன அலை எழும்பி அதுவும் கூடவே நடந்தது. என் மகன் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு தூண்களை எண்ணிச் சொல்லிக்கொண்டே போனான். அந்தக் கரையில் ஏறியதும் மூன்று தடவை ஹாரன் அடித்தார்கள். எனக்காக. பிறகு என் வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தம் கேட்கவில்லை.

அடுத்த வருஷத்து மழை. அந்த நாளைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

இரண்டு நாளாக விடாமல் பெய்திருந்தது. முந்திய நாளே அவனுக்கு மூச்சு வாங்கியது. காலையில் மூன்று படி ஏற மூன்று தடவை நின்றான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன்.

"நானும் வர்றேன்."

"வேண்டாம் அத்தை. ஆறு எப்படி இருக்கோ தெரியல. நீங்க வீட்ல இருங்க, போனதும் கூப்பிடுறேன்."

"எம்புள்ள இப்படி மூச்சு வாங்குறான், நான் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"அத்தை, சொன்னா கேளுங்க."

"நீ எனக்கு ஓட்டக் கத்துக்கொடுக்க வேண்டாம். நவுரு."

அவளைத் தள்ளிக்கொண்டு நானே படியில் ஏறிப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவள் ஒரு நிமிஷம் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவற்றைத் தூக்கி என் காலடியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

தரைப்பாலத்தில் யாரும் இல்லை. மண் நிறத்தில் தண்ணீர் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. சத்தமே அதிகம் இல்லை. முதல் தூணைப் பார்த்தேன். கறுப்பு இல்லை. வெள்ளை இல்லை. இரண்டாவது கறுப்பும் இல்லை. அதற்கு மேல் வெள்ளையில் பாதிதான் தெரிந்தது. நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அவள் சக்கரத்தைத் தண்ணீருக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கண்ணாடியில் நூல் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியில் அவள் கண் ஒரு தடவை என்மேல் வந்து போனது.

அவன் வாக்குக் கொடுத்தபடி கெஞ்சவில்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தான்.

"போடி!" என்றேன் நான். "போ! இதுக்குத்தானே ஒசத்துன? எதுக்கு நிக்கிற?"

"முடிச்சு மூழ்கிடுச்சு அத்தை."

"நூலுக்கா புள்ள பெத்தேன்? போடீன்னா!"

அவள் கால் தரையில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. பிறகு ரிவர்ஸ் போட்டாள். பின்னால் வந்தது வண்டி. திரும்பியது. நான் அவள் தோளில் அடித்தேன். ஆமாம், அடித்தேன். அவன் தலையைத் திருப்பாமலே சொன்னான், "அம்மா. அவள ஓட்ட விடு."

பெரிய பாலத்து வழியில் மூன்று மணி நேரம் ஆனது. பாதி ரோடு தண்ணீரில் கிடந்தது. அவள் ஓட்டியது போல் யாராலும் ஓட்டியிருக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குள் நடந்து போக அவனால் முடியவில்லை, ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். அன்றைக்குப் படிக்கு வேலை இல்லை. மிஷினில் இணைத்தார்கள். ஒரு மணி நேரம் ஓடியது. மத்தியானம் ஒன்றரைக்கு இதயம் நின்றுவிட்டது. நான் உள்ளே போய் அவன் இடது கையைத் தொட்டேன். விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கரண்ட் இல்லை.

முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார். எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொன்னார்.

அன்றைக்கு நாங்கள் திரும்பிய பிறகு ஒரு டிராக்டர் அதே தண்ணீரில் இறங்கிக் கரையேறியிருக்கிறது. அதையும் மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். தெரு முழுக்க அதைத்தான் பிடித்துக்கொண்டது. டிராக்டர் போனதாம், ஒட்டகம் போகலையாம். போனது டிராக்டர்காரன் நல்ல நேரம். அந்த நல்ல நேரத்தை நம்பி மூன்று உயிரை இறக்கவேண்டும் என்று யார் அவளுக்குச் சொல்ல முடியும்? நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

இப்போது இதை எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பொய்.

அவனை எடுத்துக்கொண்டு போன மறுநாள் வீடு நிறைய ஆட்கள். பால்கனிக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "எப்படிம்மா ஆச்சு? அவ்ளோ பெரிய வண்டி இருந்துச்சே?"

நான் சொன்னேன், "வண்டி இருந்து என்ன? தண்ணியக் கண்டதும் பயந்துட்டா."

முடிச்சு மூழ்கியதைச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்ததைச் சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்த கறுப்பு வெள்ளையைச் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மருமகள் சமையலறை வாசலில் நிற்கிறாள். கையில் எனக்காகக் கொண்டுவந்த காபி. அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. காபியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். "சூடா இருக்கு அத்தை, பாத்து" என்றாள். போய்விட்டாள்.

என் வாயிலிருந்து போன அந்த ஒரு வார்த்தைதான் தெருவெல்லாம் சுற்றியது. தெருவிலிருந்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போனது. பயந்தாங்கொள்ளியிடம் எப்படிக் கற்றுக்கொள்வது என்று இரண்டு பேர் வேறு ஆள் கேட்டார்கள். பிறகு ஆறு பேர். ஸ்கூல்காரர் நல்லவர். "கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கம்மா" என்றார். பதினான்கு வருஷம் உட்கார்ந்த இருக்கை. நான் தெருவில் போய் நின்று, சொன்னதைத் திருப்பி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால், போகச் சொன்னது நான் என்று ஒத்துக்கொள்ளவேண்டும். அதற்கு அப்போது எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மாசம் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு மாத்திரை எடுத்து வைப்பாள். நான் அவன் நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். ஒருத்தியை ஒருத்தி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு வேறு ஊரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை கிடைத்தது என்றாள்.

அந்தக் காலையில் நாலாவது நடை முடிந்து உள்ளே வந்தவளிடம், அதுவரைக்கும் கேட்காததைக் கேட்டேன்.

"ஏம்மா, அன்னைக்கு ஒரு தடவைகூட போலாம்னு தோணலையா உனக்கு?"

அவள் பதில் சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள்.

"தோணுச்சு அத்தை. நாங்க ரெண்டு பேர் மட்டும்னா எறங்கியிருப்பேன்."

"அப்படின்னா?"

"அவர் வாக்கு, என் வாக்கு, ரெண்டையும் ஒடச்சுட்டுப் போயிருப்பேன். போனா சேந்து போவோம், இல்லேன்னா கரை சேருவோம்னு. பின்னாடி நீங்க இருந்தீங்க."

குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு அந்த வண்டிக்குள் நான் எண்ணியது ஒரே உயிர். அவள் என்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள். தடுத்தது தண்ணீரில்லை. வேண்டாம் வேண்டாம் என்றபோது அவளைத் தள்ளிக்கொண்டு ஏறி உட்கார்ந்த நான்தான்.

"இத ஏன் அன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லல?"

"சொன்னா நீங்க எப்படி இருப்பீங்க அத்தை?"

அவள் கதவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த மூன்று படிகளையும் எடுத்தாள். வெளியே போய் வண்டியின் இடது கதவைத் திறந்து, குட்டை, நடு, உயரம் என்று வரிசையாக வைத்தாள். ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தாள். திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"வாங்க அத்தை. அங்க கீழ் வீடுதான் பாத்திருக்கேன். ஒரு அறை உங்களுக்கு. உங்க துணிய நான் எடுத்து வைக்கிறேன், அஞ்சு நிமிஷம்."

மாமியாரை விட்டுவிட்டுப் போனாளாம்! படி போட்டுக் கூப்பிட்டவள் அவள். அந்தத் தெருவே பார்க்க.

போயிருக்கலாம். கால் நகர்ந்திருந்தால் போயிருப்பேன். ஆனால் அந்த வண்டியில் இடது பக்கம் ஏறி, அவன் இருக்கையில் உட்கார்ந்து, வழியெல்லாம் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? வாயைத் திறந்தால் மன்னிச்சுக்கோ என்றுதான் வரவேண்டும். வந்தது பழைய வார்த்தை.

"நான் இந்த வீட்ட விட்டு வர மாட்டேன்."

அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. என் மாத்திரை டப்பாவை ஜன்னல் மேடையிலிருந்து எடுத்து, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று எனக்குத் தெரிவதற்காக மூடிகளில் கறுப்பும் வெள்ளையுமாக நூல் சுற்றி வைத்திருந்தாள். எப்போது செய்தாளோ. காலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். வெளியே படிகள் மூன்றும் அப்படியே இருந்தன. எடுக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. அவளும் அவற்றை எடுக்கப் போகிறவள் போல் தெரியவில்லை.

பால்கனியில் சட்டை உதறுகிற சத்தம் நின்றது.

என் மருமகள் வாசலைத் தாண்டி வெயிலுக்குள் நடந்து போனாள்.